மைனருக்கு ஒரு பற்றரி

மொறிஸ் மைனருக்கு இலங்கையில் கிடைக்காத சாமான் இல்லை என்று கொழும்பு கராஜ்களில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. அதில் பொய் குறைவு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து விற்றுவந்த சார்ள்ஸ் வெயார், அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களைச் செய்விக்க 1990களின் தொடக்கத்தில் தேடி வந்த நாடு இலங்கைதான். ஒக்ஸ்ஃபோர்டின் கவுலித் தொழிற்சாலையில் பிறந்த காருக்கு, அந்தத் தொழிற்சாலை மைனரைக் கைவிட்டு இருபது வருடம் கழிந்த பிறகு, இங்கே நம்மவர்கள் அடித்த தகடு கப்பலேறிப் போனது. மட்காட் வேண்டுமா, கதவு ரப்பர் வேண்டுமா, கதவுத் தூணுக்குள் இருந்து நீட்டுகிற பழைய சிக்னல் கை வேண்டுமா, பஞ்சிகாவத்தையில் பொறுமையாக ஏறி இறங்கினால் யாராவது ஒரு கடைக்காரர் பரணில் இருந்து தூசி தட்டி எடுத்துத் தருவார்.

பற்றரி மட்டும் வேறு கதை.

ஓட்டுவதற்கான பற்றரி சந்திக்குச் சந்தி உண்டு. 1958ஆம் ஆண்டுக் காரின் பொனட்டைத் திறந்தால் உள்ளேயும் 1958 தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்குத்தான் சிக்கல். கிருலப்பனையில், ஹைலெவல் வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற படவரைஞர் அப்படி நின்றவர்களில் ஒருவர். கோடு மயிரிழை விலகினாலும் தாளை மாற்றிப் புதிதாகக் கீறுகிற தொழிலில் இருந்தவர். தகப்பனார் விட்டுப்போன மைனர் 1000, 948 சிசி, நான்கு கதவு, சாம்பல் நிறம். ஓய்வுபெற்ற கையோடு அதைப் பிரித்துப் போட்டார். டிங்கரிங், பெயின்ட், சீற்றுத் தையல், வயரிங் எல்லாம் ஒரு வழியாக முடிந்தன. பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால், நட்டநடுவில், வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு ஜப்பானிய அளவுப் பற்றரி. பட்டுவேட்டி கட்டி நெற்றியில் திருநீறும் பூசிய மாப்பிள்ளை காலில் ரப்பர்ச் செருப்போடு மணவறைக்கு வந்ததுபோல இருந்தது.

இந்த விஷயத்தில் மைனர்காரர்களுக்கு அதிர்ஷ்டம் போதாது. ஃபொக்ஸ்வாகன் பீட்டிலில் பற்றரி பின் சீற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. எம்ஜிஏ, எம்ஜிபி கார்களில் 6 வோல்ட் பற்றரிகள் இரண்டைச் சீற்றுக்குப் பின்னால் தரைக்குக் கீழே புதைத்துவைத்தார்கள். அங்கே எதைப் போட்டாலும் கேட்க ஆளில்லை. (பீட்டிலில் உயரம் கூடிய பற்றரியைப் போட்டுவிட்டால், பாரமான ஆள் ஒருவர் பின்னால் உட்காரும்போது சீற்றின் கம்பிச் சுருள் முனையில் தட்டித் தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு என்பது தனிக்கதை.) மைனரில் பற்றரிக்கு எஞ்சின் அறையின் பின்சுவரில் மேடை போட்டுக் கொலு வைத்திருக்கிறார்கள். பொனட்டைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அந்த மேடையில் முதலில் இருந்தது பேர்மிங்ஹாம் லூக்கஸ் கம்பனியின் பற்றரி. 12 வோல்ட், ஏறத்தாழ 40 ஆம்பியர்-மணி. இன்றைய பிள்ளைகள் அந்த வகையைக் கண்டிருக்க மாட்டார்கள். வல்கனைஸ் பண்ணி மரம்போல இறுக்கிய கறுப்பு ரப்பரில் செய்த பெட்டி. விரலால் தட்டினால் ‘டொக்’ என்று கனத்த சத்தம் வரும். மேல்வாயைத் தார் ஊற்றி அடைத்திருப்பார்கள். அந்தத் தாரில் வெயிலுக்கு இளகிய அடையாளமும், யாரோ திருப்புளி வைத்துக் கிளறிய வடுவும் இருக்கும். ஆறு செல்லுக்கு ஆறு மூடி. ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் கோக்கிற ஈயப் பட்டைகள் தாருக்கு மேலே வெளிப்படையாக ஓடும். கேபிளின் முனையோ இன்று இருப்பதுபோல வளைத்து இறுக்குகிற கிளிப் அல்ல; ஈயத்தில் வார்த்த ஒரு தொப்பி. அதை முனையின் மேல் கவிழ்த்து, உச்சியில் ஒரு திருகாணியை இறுக்க வேண்டும்.

படவரைஞரின் காரில் இலக்கத் தகடும் அந்தக் காலத்ததுதான்; சிங்கள எழுத்தில் ‘1 ஸ்ரீ’ என்று தொடங்குகிறது. அந்த எழுத்தைப் பற்றி இலங்கைத் தமிழருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1958இல் வடக்கில் அதன்மேல் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் ஏறியது. மே மாதத்தில் கலவரம் வெடித்தது. கொழும்பில் அரச உத்தியோகம் பார்த்த தகப்பனார் தகட்டில் கைவைக்கவில்லை. இன்று பழைய கார் வாங்க அலைகிறவர்கள் அந்த ஒற்றை எழுத்துக்காகவே விலையைக் கூட்டிப் பேசுகிறார்கள்.

1983 ஜூலைக் கலவரத்தில் கிருலப்பனையும் எரிந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் கார்களைப் புரட்டிக் கொளுத்தினார்கள். இந்தக் கார் பின்வளவில், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அடுக்கிவைத்த விறகுக்குப் பின்னால் நின்றது. பற்றரியைச் சார்ஜுக்குக் கொடுத்திருந்தபடியால், யாரும் நினைத்தாலும் அதை வெளியே எடுத்திருக்க முடியாது. பிறகு ரசீதோடு தேடிப் போனபோது அந்தச் சார்ஜ் கடை இருந்த இடத்தில் கரி மட்டும் கிடந்தது.

புதுப்பித்த காருக்குப் பற்றரி தேடிப் படவரைஞர் முதலில் போனது பஞ்சிகாவத்தைக்கு. மருதானைப் பக்கம் வாகன உதிரிப்பாகம் என்றால் நாடு முழுக்க வருகிற இடம். கடைக்குள் நின்ற பெடியன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்:

“என்எஸ் நாப்பதா, அறுபதா அங்கிள்?”

“ரெண்டும் இல்லை தம்பி. ரப்பர்ப் பெட்டி. மேலே தார் போட்டது.”

பெடியன் உள்ளே திரும்பி வாப்பாவைக் கூப்பிட்டான். வயதானவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தார். “மொறிஸுக்கா? அந்தச் சாமான் இப்ப எங்க ஈக்கி? எங்கட வாப்பா காலத்துல இந்தச் சுவரு நெறையக் கெடந்த. லூக்கஸ்தான் வேணுமெண்டா லூக்கஸே ஈக்கி. தரவா?”

தந்தது உண்மையிலேயே லூக்கஸ்தான். இதுதான் வேடிக்கை. பேர்மிங்ஹாமில் லூக்கஸ் கம்பனி 1996இல் அமெரிக்கக் கம்பனி ஒன்றோடு கலந்து, 1999இல் இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கே உயிரோடு இருக்கிறது. இந்தியாவின் எக்ஸைட் நிறுவனம் பெரும்பங்கு வைத்திருக்கும் அசோசியேட்டட் பற்றரி மனுஃபக்ச்சரர்ஸ், எக்ஸைட், லூக்கஸ், டகனைட் என்ற மூன்று பழைய ஆங்கிலப் பெயர்களிலும் இரத்மலானையில் பற்றரி செய்கிறது. ஆக, மைனரின் மேடையில் லூக்கஸ் என்று எழுதிய பற்றரியைக் கொழும்பில் எவரும் வைக்கலாம். பெயர் சரி, உடம்புதான் பிளாஸ்டிக்.

உடம்பைப் பற்றிய கவலை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பற்றரியின் இரண்டு முனைகளும் ஒரே பருமன் அல்ல. பொசிற்றிவ் தடிப்பு, நெகற்றிவ் மெலிவு. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை பொசிற்றிவ் முனையைத்தான் பொடியில் ஏர்த் பண்ணின. மைனரும் அப்படியே. அதனால் ஏர்த் கேபிளின் தொப்பி பெரியது, மற்றது சிறியது. சிறிய தொப்பியைத் தடித்த முனையில் மாட்ட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பூட்டினாலும் மாறாது. சாதாரண ஜப்பானிய அளவு என்எஸ் 40 பற்றரியின் முனைகளோ இரண்டும் சுண்டுவிரல் மாதிரி. இரண்டு தொப்பியும் இரண்டிலும் தொளதொளவென்று இறங்கும். கராஜ்காரர்கள் ஈயத் தகட்டைச் சுருட்டி இடைவெளியில் செருகி இறுக்கிவிடுவார்கள். காவல் போய்விட்டது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

அவருடைய காரிலும் அது நடந்தது. வீதியோரத்தில் பற்றரி மாற்றிக்கொடுத்த ஒரு கைப்பழக்கக்காரர், உலகத்தில் எல்லாக் காரும் நெகற்றிவ் ஏர்த் என்ற நம்பிக்கையோடு மாறிப் பூட்டிவிட்டார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது! ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எந்தப் பக்கத்தில் இருந்து கரண்ட் வந்தாலும் ஒன்றுதான், லைட்டுக்கும் அப்படியே, ஹோர்னும் அடித்தது. இக்னிஷன் விளக்கு மட்டும் அணைய மறுத்தது. டைனமோவின் இரும்பில் தங்கியிருக்கிற பழைய காந்தம் பழைய திசையிலேயே கரண்டை உண்டாக்க, டைனமோவைப் பற்றரியோடு கோக்கிற கட்டவுட் மூடிய கணத்தில் பற்றரியும் டைனமோவும் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்தன. நாவல மேட்டில் புகை வந்தது. கட்டவுட்டின் பொயின்ற்கள் ஒட்டிப்பிடித்துக் கறுத்துப்போயிருந்தன. அவருக்குத் தெரிந்த எலெக்ட்ரிக் பாஸ் ஒருவர், பற்றரியைத் திரும்பச் சரியாகப் பூட்டி, டைனமோவின் ஃபீல்ட் முனையை ஒரு வயரால் ஒரு கணம் தட்டிக் காந்தத்தைப் பழைய திசைக்குக் கொண்டுவந்தார். “மாத்தயா, இதில இனி ஒரு போர்ட் எழுதிப் போடுங்க” என்றார். சிங்களம், தமிழ், இங்கிலிஷ் என்று மூன்றிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

பற்றரி என்றதும் அவருக்கு நினைவு வருவது கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு சார்ஜ் கடை. எரிந்துபோனது அல்ல, அதற்கும் முந்தியது. சின்ன வயதில் தகப்பனாரோடு போனது. வாசலில் நிற்கும்போதே மூக்கில் ஏறுகிற புளித்த நெடி. நீள மரப்பலகையின் மேல் வரிசையாகப் பற்றரிகள், மூடியைத் திறந்து வைத்தபடி. செல்லுக்குள் சோடாப் போத்தல் திறந்த மாதிரி மெல்லிய இரைச்சல். சுவரில் வரிசையாகப் பல்புகள் எரியும். அவை வெளிச்சத்துக்காக அல்ல, கரண்டைக் கட்டுப்படுத்துவதற்காக என்று பின்னாளில்தான் விளங்கியது. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். தகப்பனார் அவரை ‘அண்ணை’ என்பார். அவர் கட்டியிருந்த சாரம் முழங்காலுக்குக் கீழே சல்லடை. அசிட் துளி பட்டால் பருத்தித் துணி அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தோய்த்துக் காயப்போடும்போது ஓட்டையாய் உதிரும்.

“தண்ணிக்குள்ள அசிட்டை விடு. அசிட்டுக்குள்ள தண்ணியை விட்டியெண்டால் மூஞ்சையில தெறிக்கும்” என்று பையனுக்குக் காட்டிக் காட்டிக் கலப்பார். சீனப் பீங்கான் சாடி, கண்ணாடிக் கோல், பக்கத்தில் அப்பச்சோடா கரைத்த வாளி. பிறகு ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சி, கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறதென்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

அந்தக் கோட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. கார்க் கம்பனி தந்த கைநூலில் இரண்டு அட்டவணைகள் உண்டு. 32 பாகை செல்சியஸுக்குக் கீழான நாடுகளுக்கு, முழுச் சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.270இல் இருந்து 1.290 வரை. அதற்கு மேற்பட்ட வெயில் நாடுகளுக்கு 1.210இல் இருந்து 1.230 வரை. கொழும்பு அந்த எல்லைக்கோட்டின் மேலேயே குந்தியிருக்கிற ஊர். குளிர்நாட்டில் அமிலம் நீர்த்துப்போனால் பனியில் உறையும், ஸ்டார்ட்டரும் சுற்றாது. ஆகவே கடுப்பாக வைக்கிறார்கள். இங்கே உறைபனிப் பயம் இல்லை. கடுப்பு அமிலம் வெக்கையோடு சேர்ந்தால் பிளேட்டையும், பிளேட்டுகளுக்கு நடுவில் செருகியிருக்கும் மெல்லிய மரத் தகட்டையும் அரித்துத் தின்றுவிடும். கொட்டாஞ்சேனை அண்ணை எந்த அட்டவணையையும் படித்தவர் அல்ல. மழைக்காலத்தில் ஒரு பொட்டுக் கூட்டுவார், சித்திரை வெயிலில் ஒரு பொட்டுக் குறைப்பார்.

வெயிலைப் பற்றி இன்னொரு கணக்கு. ஈய-அமிலப் பற்றரியைப் பொறுத்தவரை, வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லப்படுகிற விதி. மைனரின் மேடை எஞ்சின் அறைக்குள். பேர்மிங்ஹாமில் ஐந்தாறு வருடம் தாங்குவது கொழும்பில் இரண்டு மூன்று வருடத்தில் மூச்சை விடும். அப்படிப் பார்த்தால், கப்பலில் வந்திறங்கிய அந்த ஒரிஜினல் பற்றரி 1961ஐக் கண்டிருந்தாலே பெரிய காரியம். கார் அதற்குப் பிறகு எத்தனையோ பற்றரிகளைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. ‘அந்தக் காலத்துப் பற்றரி’ என்று தேடும்போது எந்தக் காலம் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

ஏனென்றால் இலங்கையில் மைனரின் நீண்ட காலம் 1958 அல்ல. அதற்குப் பிறகு வந்த பஞ்சகாலம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றிப்போக, கார் இறக்குமதி முடங்கியது. 1970இல் இருந்து 1977 வரை சிறிமாவோ அரசின் மூடிய பொருளாதாரம். டயருக்கும் அலைச்சல், பற்றரிக்கும் அலைச்சல். வெளியே தெரிகிற அந்த ஈயப் பட்டைகளின் அருமை அப்போதுதான் விளங்கியது. ஆறு செல்லில் எது செத்தது என்று ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையில் தாரை இளக்கி, அந்த ஒரு செல்லின் பிளேட்டுகளை மட்டும் உருவி, வேறொரு பிணத்தில் இருந்து எடுத்த பிளேட்டுகளைப் பொருத்தித் திரும்பத் தார் ஊற்றுவார்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் செத்த செல்லைத் தாண்டி ஒரு பட்டையை உருக்கி ஒட்டி 10 வோல்ட்டில் ஓட்டுவது. ஸ்டார்ட்டர் முனகும். தகப்பனார் ஹாண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போவார். காலை ஏழு மணிக்கு அந்த ஒழுங்கையில் அவர் ஹாண்டில் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் சில வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வெளிக்கிடுவார்கள்.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பானிய ரீகண்டிஷன் கார்கள் வரிசையாக இறங்கின, கூடவே ஜப்பானிய அளவுப் பற்றரிகளும். மைனரின் மேடையில் அளவு பொருந்தவில்லை என்று யாரோ ஒரு பாஸ் இரும்புப் பட்டை வெட்டி வெல்ட் பண்ணினார். காரைப் பிரித்துப் போட்டபோது அந்த வெல்டை அரைத்து எடுத்துவிடலாமா என்று படவரைஞர் வெகுநேரம் யோசித்தார். எடுக்கவில்லை. பழைய கார் பிரியர்கள் பலர் இதை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் அந்த வெல்ட் அந்தக் காரில் நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது. கம்பனி போட்ட பற்றரி இருந்ததைவிடப் பல மடங்கு.

யாழ்ப்பாணத்தில் இதைவிடக் கடினமான பாடம் நடந்தது. 1990இல் போர் மூண்டு மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைப் பொருள்கள். பெரியப்பா வீட்டு ஒஸ்டின் ஏ-40, அந்த ஊர்ப் பழைய கார்கள் எல்லாவற்றையும் போலவே, மண்ணெண்ணெயில் ஓடியது. கார்பரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ரேடியோச் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் இருந்து கரண்ட் எடுத்தார்கள். கார்ப் பற்றரி காரில் இருப்பதே அபூர்வம். அது வீட்டுக்குள் அலுமாரிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன பல்புக்கும் கசெட் பிளேயருக்கும் உணவாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது ஏற்றவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போய்க் காரில் பூட்டுவது, வந்ததும் கழற்றி உள்ளே கொண்டுபோவது. ஏ-40க்குச் சரியான பற்றரி எது என்று அந்த வருடங்களில் பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பழைய ரப்பர்ப் பெட்டிகள் எங்கே போயின? வேறெந்தப் பழைய சாமானும் இந்த நாட்டில் ஏதாவது பரணில் தங்கிவிடுகிறது, பற்றரி தங்குவதில்லை. காரணம் ஈயம். செத்த பற்றரிக்கும் எடைக்கு விலை உண்டு. புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் கழிவு உண்டு. உலகத்தில் மிக அதிகமாகத் திரும்ப உருக்கப்படும் பொருள்களில் ஒன்று அது. பெட்டியை உடைத்து ஈயத்தை உருக்கிவிட்டு ரப்பர்ச் சில்லை எறிந்துவிடுவார்கள். 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்டே முதல் ஈய-அமிலப் பற்றரியைச் செய்ததில் இருந்து சரக்கு அதேதான், அதே ஈயம், அதே கந்தக அமிலம். ஆகவே லூக்கஸ் பிளேட்டுகளின் ஈயம் இன்று ஏதோ ஒரு முச்சக்கரவண்டிப் பற்றரிக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இங்கிலாந்தில் ரப்பர்ப் பெட்டி, தார் மூடி, வெளிப்பட்டை எல்லாம் வைத்துப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் இருக்கிற மருமகனிடம் சொல்லிப் பார்த்தார். “மாமா, பற்றரியை விடுங்கோ, வேற ஏதாவது சொல்லுங்கோ கொண்டுவாறன்” என்றான் அவன். அமிலம் நிரப்பிய பற்றரி ஐநா பட்டியலில் 2794ஆம் இலக்க ஆபத்துப் பொருள். பயணப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுவர முடியாது. கப்பலில் எடுக்கலாம். கூலியும் தீர்வையும் போட்டுப் பார்த்தால், இரண்டு வருடத்தில் கொழும்பு வெயில் தின்னப்போகிற சாமானுக்கு அந்தக் காசு கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் பெட்டி கிடைத்தது ஆமர் வீதிப் பக்கம், ஒரு பழைய இரும்புக் கடையில். பற்றரியாக அல்ல, தராசுத் தட்டு ஆடாமல் இருக்கக் கீழே முட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் லூக்கஸ் என்ற எழுத்து பாதி தேய்ந்து புடைத்துக்கொண்டிருந்தது. முதலாளி முதலில் கிலோக் கணக்கில் விலை சொன்னார். இவர் ஆசைப்படுவதைக் கண்டதும் கிலோக் கணக்கைக் கைவிட்டார்.

மிச்சத்தை அவரே கிருலப்பனை வீட்டின் பின்வளவில் செய்தார். இந்த வித்தை உலகம் முழுக்கப் பழைய கார்க்காரர்கள் செய்கிறதுதான்: பழைய பெட்டியை வெறுங்கூடாக்கி, உள்ளே சின்ன நவீன சீல்ட் பற்றரி ஒன்றை ஒளித்துவைப்பது. அப்பச்சோடாத் தண்ணீரை ஊற்றி நுரை அடங்கும்வரை கழுவினார். சோப்பு நுரை என்று நினைத்து வேலைக்கார அம்மா கிட்ட வர, தூரத் துரத்தினார். தாரைச் சூடுகாட்டி இளக்கி மேல் மூடியை முழுதாகக் கழற்றினார். பெட்டிக்குள் இருந்த நடுச்சுவர்களை வாளால் அறுத்தபோது ரப்பர் தூள் கந்தக நெடியோடு பறந்தது. மூக்கில் சீலை கட்டிக்கொண்டார். மோட்டார் சைக்கிள் வகைச் சீல்ட் பற்றரி உள்ளே இறங்கியது. அதன் முனைகளில் இருந்து தடித்த செப்புக் கேபிளைப் பழைய ஈய முனைகளுக்கு அடியில் போல்ட் போட்டுப் பிடித்தார். பொசிற்றிவ் தடித்த முனைக்கு, நெகற்றிவ் மெலிந்த முனைக்கு. இழந்த காவல் திரும்ப வந்தது. பழைய தொப்பிகள் இரண்டும் தத்தம் தலையில் கச்சிதமாகக் கவிழ்ந்தன.

தாருக்குத்தான் பாடுபட்டார். வீதிக்குப் போடுகிற தார் வெயிலில் ஒழுகியது. கூரை ஒட்டுகிற தார் வெடித்தது. இரண்டையும் கலந்து, கொஞ்சம் மெழுகு சேர்த்துப் பழைய பால்மா டின்னில் காய்ச்சி ஊற்றியது நின்றது. ஈயப் பட்டைகள் இப்போது எதையும் இணைக்கவில்லை. பழையபடி மேலே கிடக்கின்றன. ஆறு மூடியும் திறக்கும், உள்ளே தண்ணீர் விடத் தேவையில்லை.

சார்ஜ் பண்ணுகிற விஷயத்தில் மட்டும் எலெக்ட்ரிக் பாஸ் கண்டிப்பாக இருந்தார். கட்டவுட் பெட்டிக்குள் இருக்கிற பழைய ரெகுலேற்றர் அன்டிமனி கலந்த ஈயப் பிளேட்டுகளுக்காக அமைத்தது. அந்தப் பற்றரிகள் சார்ஜ் கூடிக் கொதித்தால் தண்ணீர் வற்றும், டிஸ்டில் வோட்டர் விட்டுச் சமாளிக்கலாம். சீல்ட் பற்றரிக்குள் தண்ணீர் விட வழியே இல்லை, வற்றினால் வற்றினதுதான். ஆகவே மீட்டரைப் பூட்டி, ரெகுலேற்றரின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வோல்ட்டைக் குறைத்தார். தூர ஓட்டத்துக்கு இரத்மலானை லூக்கஸையே பூட்டிக்கொண்டு போகும்படியும் சொன்னார். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கார் அப்படித்தான் போகிறது. ரப்பர்ப் பெட்டி ஒன்றுகூடல்களுக்கும் ஞாயிறு காலைச் சவாரிக்கும்.

முதல் ஒன்றுகூடலில் பொனட்டைச் சுற்றி நின்றவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். பெட்டி அசல் என்று ஒரு பக்கம். தார் புதிது, ஆகவே போலி என்று மறுபக்கம். பழைய தரிப்பிட டாக்சி ஓட்டிய முதியவர் ஒருவர் இரண்டையும் கேட்டுவிட்டு, பெட்டியை விட்டுவிட்டு அந்த வெல்ட் பட்டையைத்தான் விரலால் தடவினார். “இது எங்கட பக்கத்து வேலை” என்றார்.

அண்மையில் உள்ளே இருந்த சின்னப் பற்றரி முடிந்துபோனது. புதியது வாங்கப் பெட்டியைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனார். அதே கடை, அதே பெடியன், இப்போது மீசை வைத்திருந்தான். பழைய பற்றரியைத் தந்தால் கழிவு உண்டு என்றான். அவர் மோட்டார் சைக்கிள் பற்றரியை நீட்டினார். பெடியனின் கண் பின்னால் போனது.

“அங்கிள், அந்தப் பெரிய கறுப்பு ஒண்டு ஈக்கே. அதத் தந்தா நல்லாக் கழிக்கலாம். சரியான பாரமா ஈக்கும்.”

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும், முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினான். பெட்டி எம்பிக்கொண்டு நெஞ்சுவரை வந்து, அவனே பின்னால் சாய்ந்து தட்டிக்குள் விழப் பார்த்தான்.

“உள்ளுக்கு ஒண்டுமில்லயே அங்கிள்!”

கவிழ்த்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், மேலே கிடந்த ஈயப் பட்டைகளை மட்டும் கண்ணால் நிறுத்து முந்நூறு ரூபா தரலாம் என்றான். அவர் பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சின்னதற்குரிய கழிவு போக மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார்.